போக்கர் ஆட்டத்தில் உளச்சமநிலை: ஒரு விளக்கம்

முன்னுரை

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் பரவிய சீட்டாட்டம் போக்கர். 1970ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் உலகப் போக்கர் தொடர் தொடங்கப்பெற்றபின் இது பெரும் போட்டியாக உருப்பெற்றது. 2003ஆம் ஆண்டு இணையவழித் தகுதிச்சுற்றில் வென்று அத்தொடரில் இடம்பெற்ற கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், 25 இலட்சம் அமெரிக்க டாலர் முதற்பரிசைப் பெற்றார். அதன்பின் கணினித் திரையிலும், பின்னர்க் கைப்பேசியிலும் இவ்வாட்டம் உலகெங்கும் பரவியது.

அறிஞர் உலகமும் போக்கரைக் கருத்துடன் நோக்கியுள்ளது. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னும் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், ஒருவர் தம் கையிருப்பை மறைத்துப் பொய்யாகப் பந்தயம் உயர்த்துவதைக் கணிதவழி ஆராய்ந்தனர். அண்மைக் காலத்தில் உளவியலாளர்கள் இவ்வாட்டத்தின் மற்றொரு கூற்றில் நாட்டம் செலுத்தி வருகின்றனர். நன்கு கணக்கிடத் தெரிந்த ஒருவர், ஓர் இழப்புக்குப் பின் ஏன் கணக்கை மறந்து ஆடுகிறார் என்பதே அவர்கள் எழுப்பும் வினா. நாம் இக்கட்டுரையில் அவ்வினாவையும், போக்கர் ஆட்டத்தில் உளச்சமநிலை என்பது எதனைக் குறிக்கிறது என்பதையும் விளக்க முற்படுகிறோம். தமிழாசிரியர்கள் வகுப்பறையில் கற்பிக்கும் 'சூது' அதிகாரத்துக்கும் நளன் கதைக்கும் இப்பொருளோடு உள்ள தொடர்பையும் இறுதியில் சுட்டுவோம். ஆட்டத்தைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

ஆட்டத்தின் அமைப்பு

இன்று மிகுதியாக ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம் என்னும் வகையாகும். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படுகின்றன. பின்னர் மேசை நடுவே ஐந்து பொதுச்சீட்டுகள், முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என மூன்று கட்டங்களில் திறக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஆடுவோர் பந்தயம் வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். இறுதிவரை நிற்பவர்களுள் சிறந்த ஐந்து சீட்டுச் சேர்க்கை உடையவர் மேசையில் சேர்ந்த தொகையைப் பெறுகிறார். மற்றவர் அனைவரும் விலகிவிட்டால், எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே வெல்கிறார்.

இவ்வமைப்பில் திறனும் தற்செயலும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவருக்கு முதல் இரு சீட்டுகளும் ஏஸாக அமையும் வாய்ப்பு 221இல் ஒன்று. இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. எதிரில் இருப்பவரிடம் இரண்டு ராஜாக்கள் உள்ளன எனவும், இருவரும் பொதுச்சீட்டுகள் திறக்கப்படுமுன்பே ஆளுக்கு 100 வெள்ளி வைத்துவிட்டனர் எனவும் கொள்வோம். ஏஸ் உடையவர் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெல்வார். இதே நிலையில் பலமுறை ஆடினால் அவருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 64 வெள்ளி ஆதாயம் கிட்டும். ஆயினும் நூற்றுக்கு ஏறத்தாழ 18 முறை அவர் 100 வெள்ளியை இழந்தே தீருவார். அடுத்தடுத்த இரு முறை இவ்வாறு தோற்பதற்கும் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேற்பட்ட வாய்ப்புண்டு. அவர் எத்தவறும் செய்யவில்லை. எனினும் பணம் போய்விடுகிறது.

சதுரங்கத்தில் தோற்றவர் தம் தவற்றைத் தேடிக் காணலாம். குலுக்குச் சீட்டில் தோற்றவர் தம் முயற்சி ஏதும் அதில் இல்லை என்பதை அறிவார். போக்கரில் தோற்றவருக்கு இவ்விரு ஆறுதல்களும் இல்லை. சரியாக ஆடியும் தோற்கலாம். தவறாக ஆடியும் வெல்லலாம். உள்ளம் தடுமாறுவதற்கான வாயில் இங்குத்தான் திறக்கிறது.

நிலைகுலைவு

ஆடுவோர் இத்தடுமாற்றத்தை 'டில்ட்' என அழைக்கின்றனர். இச்சொல் பின்பால் என்னும் உருள்பந்து இயந்திரத்திலிருந்து வந்ததாகும். பந்து தாம் விரும்பிய திசையில் செல்லாதபோது சிலர் இயந்திரத்தையே பிடித்து உலுக்குவர். உலுக்கல் வரம்பு கடந்தால் இயந்திரத்தில் 'சாய்வு' என்னும் எச்சரிக்கை ஒளிரும். பந்தைத் தட்டும் துடுப்புகள் செயலிழக்கும். ஆட்டம் கைவிட்டுப் போகும். சினத்தால் விளைவைக் கட்டாயப்படுத்த முயல்பவர், இருந்த கட்டுப்பாட்டையும் இழக்கிறார் என்பதை இச்சொல் பொருத்தமாக உணர்த்துகிறது. இக்கட்டுரையில் இதனை 'நிலைகுலைவு' எனக் குறிப்போம்.

நிலைகுலைந்தவர் விலக வேண்டிய சீட்டுகளோடு ஆட்டத்தில் நிற்பார். பந்தயத்தைக் காரணமின்றி உயர்த்துவார். தம்மை வென்றவரையே குறிவைத்து ஆடுவார். தமக்குத் தகுதியற்ற பெருந்தொகை மேசைக்கு மாறுவார். இவற்றுள் எதனையும் அறியாமையால் அவர் செய்வதில்லை. ஒரு மணிநேரத்துக்கு முன் இதே செயல்களைப் பிறர் செய்யக் கண்டு அவரே தவறு எனக் கூறியிருப்பார். அறிவு இருந்தும் அது செயலுக்கு வாராமையே நிலைகுலைவின் இயல்பாகும்.

இதற்கான காரணங்களுள் இரண்டு இன்றியமையாதவை. முதலாவது, இழப்பின் எடை. டேனியல் கானமனும் ஏமஸ் டிவர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவான ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்புத் தரும் வருத்தமே பெரிது எனக் காட்டினர். இழப்பை ஏற்றுக்கொள்ள இயலாதவர், பிற வேளைகளில் ஏற்க மறுக்கும் பந்தயங்களையும் ஏற்க முனைவார் என்பது அவர்கள் கண்ட மற்றொரு முடிவு. 500 வெள்ளி இழந்தவர் தம் நிலையை இன்றைய கையிருப்பிலிருந்து கணக்கிடுவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தொகையிலிருந்தே கணக்கிடுகிறார். அப்புள்ளிக்கு மீளும்வரை தாம் பள்ளத்தில் நிற்பதாகவே உணர்கிறார். மேலேற உதவும் என எண்ணி எத்தகைய கயிற்றையும் பற்றுகிறார்.

இரண்டாவது, அநீதியுணர்வு. ஃபின்லாந்து நாட்டு ஆய்வாளர்களான யூசி பாலொமாகி, மிகாயேல் லாக்சுவோ, மிக்கோ சல்மேலா ஆகியோர் இணையவழி போக்கர் ஆடுவோரின் அனுபவங்களைத் திரட்டி 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துரைக்கிறது. பணம் போனதைவிட, தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்னும் எண்ணமே பலரைக் கொதிக்கச் செய்கிறது. தவறாக ஆடியவர் பரிசு பெறுகிறார். சரியாக ஆடிய தாம் தண்டிக்கப்படுகிறோம் என அவர்கள் உணர்கின்றனர். தற்செயலுக்கு நீதியும் இல்லை, அநீதியும் இல்லை. அதற்கு நீதியின் கடமையை ஏற்றிவைத்து, அக்கடமை தவறியதாகச் சினம் கொள்வதில்தான் நிலைகுலைவு வேர்கொள்கிறது. தொடர்ந்து வென்று வருபவரும் இப்பிழைக்கு ஆட்படுவதுண்டு. தற்செயலாக வந்ததைத் தம் திறனுக்குக் கிடைத்த உரிமை எனக் கருதுவதால், அவரும் எல்லை கடந்து பந்தயம் வைக்கிறார்.

முகமும் உள்ளமும்

போக்கரில் உளச்சமநிலை என்றவுடன் உணர்ச்சி காட்டாத இறுகிய முகமே பலர் நினைவுக்கு வருகிறது. எதிரிக்குத் தகவல் தராதிருக்க முகக்கட்டுப்பாடு உதவும் என்பது உண்மையே. ஆனால் உணர்ச்சியை மறைத்தலும் உணர்ச்சி தணிதலும் வேறுவேறானவை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராசும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990களில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனை உறுதி செய்கின்றன. உணர்ச்சி வெளிப்பாட்டை வலிந்து அடக்குவோரின் உள்ளத்தில் கசப்பு குறைவதில்லை. உடலின் உட்கிளர்ச்சி கூடவும் செய்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, அவ்வாறு அடக்கும் வேளையில் கண்முன் நிகழ்வனவற்றை நினைவில் கொள்ளும் ஆற்றலும் குறைவதாகக் காட்டியது. எதிரியின் பந்தய முறைகளை நினைவில் வைக்க வேண்டிய ஆட்டத்தில் இது சிறிய இழப்பன்று.

மேலும், முகத்தை அடக்கினாலும் உடல் பேசிவிடுகிறது. மைக்கேல் ஸ்லெப்பியனும் உடன் ஆய்வாளர்களும் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒலியற்ற காணொளித் துண்டுகள் பார்வையாளர்களிடம் காட்டப்பட்டன. முகத்தை மட்டும் கண்டவர்களால் கையிலுள்ள சீட்டின் தரத்தைச் சரியாகக் கணிக்க இயலவில்லை. சில்லுகளை மேசைக்கு நகர்த்தும் கையசைவை மட்டும் கண்டவர்கள், வெறும் ஊகத்தினும் மேலாகக் கணித்தனர். உள்ளத்து நிகழ்வு மெய்யில் புலப்படும் என்பதை மெய்ப்பாட்டியல் கற்ற நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை. முகம் என்னும் ஒரு வாயிலை அடைத்துவிட்டு, உள்ளம் அடங்கிவிட்டது எனக் கருதுவது பொருந்தாது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது.

முடிவும் விளைவும்

அவ்வாறெனில் உள்ளம் எவ்வாறு தணிகிறது? தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூறும் விடை, எடுத்த முடிவையும் நேர்ந்த விளைவையும் தனித்தனியே மதிப்பிடுதல் என்பதாகும். போக்கர் ஆட்டக்காரரும் அறிதல்சார் உளவியல் பயின்றவருமான ஆனி டியூக், 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துரைக்கிறார். விளைவு நன்றாயின் முடிவும் நன்று, விளைவு தீதாயின் முடிவும் தீது எனக் கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பே போக்கரில் முதல் எதிரி என்பது அவர் கருத்து.

உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் மரியா கொன்னிகோவா, எரிக் சைடல் என்னும் மூத்த ஆட்டக்காரரிடம் போக்கர் பயின்றார். அவ்வனுபவத்தை விவரிக்கும் நூலை 2020ஆம் ஆண்டு வெளியிட்டார். வெல்லவேண்டிய ஆட்டம் கடைசிச் சீட்டினால் கைநழுவிய கதைகளைக் கேட்க அவருடைய ஆசிரியர் விரும்பவில்லை. எவ்வாறு எண்ணி அம்முடிவுக்கு வந்தாய் என்பதே அவர் கேட்ட கேள்வி. இங்கு ஒரு கற்பித்தல் நுட்பம் உள்ளது. நேர்ந்த இழப்பைத் திரும்பத் திரும்பச் சொல்பவர், தம்மைத் தற்செயலின் பலியாகவே பழக்கப்படுத்திக்கொள்கிறார். முடிவெடுத்த வழியைச் சொல்பவரோ, தம் ஆளுகைக்குட்பட்ட ஒன்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறார்.

இதனோடு நடைமுறை ஒழுங்குகள் சிலவும் உள்ளன. அன்றைய இழப்புக்கு ஓர் எல்லையை ஆட்டம் தொடங்குமுன்பே வகுத்தல். மொத்தக் கையிருப்பில் சிறு பகுதியை மட்டுமே ஒரு மேசைக்குக் கொண்டு செல்லுதல். எளிய முடிவாயினும் கடினமான முடிவாயினும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்ளுதல். ஐயமான ஆட்டங்களைக் குறித்துவைத்து மறுநாள் ஆராய்தல். பசி, களைப்பு, மது ஆகியவற்றோடு அமராதிருத்தல் ஆகியன அவை. இவற்றின் பொது இயல்பு கருதத்தக்கது. இவை அனைத்தும் தெளிந்த நிலையில் உள்ள ஒருவர், பின்னர்த் தெளிவிழக்கக்கூடிய தமக்கே முன்கூட்டி இட்டுவைக்கும் வேலிகளாகும். கொதிக்கும் வேளையில் புதிய ஒழுங்கை எவரும் வகுத்துக்கொள்வதில்லை.

2017ஆம் ஆண்டு சனவரியில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வருடன் 20 நாள்களில் 120,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. அதன் வலிமை கணக்கீட்டில் இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் நேற்றைய இழப்பு இன்றைய முடிவில் கலவாதிருத்தல் அந்நிரலுக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. மனிதர் அதனைப் பயின்றே பெறவேண்டியுள்ளது.

குறளும் நளன் கதையும்

இனி, நம் இலக்கியத்தின்பால் வருவோம். போக்கர் பற்றிய உளவியல் முடிவுகளைத் திருவள்ளுவர் முன்பே கண்டறிந்தார் எனக் கூறுவது நம் கருத்தன்று. அத்தகைய கூற்று குறளுக்கும் பெருமை சேர்க்காது, ஆய்வுக்கும் உதவாது. சூதாடுவோரின் உள்ளப் போக்கை அவர் கூர்ந்து நோக்கியுள்ளார் என்பதே உரைக்கத்தக்கது.

'சூது' அதிகாரத்தின் இறுதிக் குறள் இதற்குச் சான்று. பொருளை இழக்கும்தோறும் சூதின்மேல் பற்று மிகுவதனை அக்குறள் உவமையாக எடுத்தாள்கிறது. துன்புறும்தோறும் உடலின்மேல் உயிர் கொள்ளும் பற்று மிகுதல் அதன் பொருளாக அமைகிறது. உவமை எப்போதும் கேட்போர்க்கு நன்கு தெரிந்ததாக இருத்தல் வேண்டும். இழப்பே பற்றை வளர்க்கும் என்னும் முரண், அக்காலத்தார்க்கு விளக்கம் தேவையற்ற செய்தியாக இருந்தது என இதனால் அறிகிறோம். அவ்வதிகாரத்தின் முதற்குறள் வெற்றியையும் விட்டுவைக்கவில்லை. சூதில் பெற்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டில் இரும்பை ஒத்தது என அது எச்சரிக்கிறது. 'ஊழ்' அதிகாரத்தில் வரும் 379ஆம் குறள், நன்மை நேர்கையில் அதனை நன்றென ஏற்று மகிழ்பவர், தீமை நேர்கையில் மட்டும் ஏன் கலங்கவேண்டும் என வினவுகிறது. மேலே நாம் கண்ட அநீதியுணர்வை நோக்கி எழுப்பத்தக்க வினாவும் இதுவே.

நளன் கதை இப்பொருளுக்கு மேலும் நெருங்கியது. புகழேந்திப் புலவர் தம் நளவெண்பாவைச் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என வகுத்துள்ளார். காண்டப் பெயர்களே நிலைகுலைவின் வரலாறுபோல் அமைந்துள்ளன. கலி பற்றிய நளன் புட்கரனுடன் ஆடி நாட்டை இழக்கிறான். மகாபாரத வனபர்வத்தில் அமைந்த மூலக்கதையில், தமயந்தியும் அமைச்சரும் குடிமக்களும் தடுக்க முயன்றும் அவன் செவிசாய்ப்பதில்லை. பின்னர் இருதுபன்ன மன்னன், தேரில் செல்கையில் தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் எண்ணாமலே கணித்துக் கூறி, சூதின் நுட்பத்தை நளனுக்குக் கற்பிக்கிறான். அந்நுட்பத்தைப் பெற்றவுடன் கலி அவனை விட்டு நீங்குகிறான். நிகழ்தகவுச் சிந்தனையின் வரலாற்றை எழுதிய இயான் ஹாக்கிங், 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பகுதியைச் சிறப்பாகக் குறிப்பிட்டுள்ளார். எண்ணிக்கை பற்றிய அறிவும் உள்ளத் தெளிவும் ஒரே கணத்தில் வருவதாகக் கதை அமைந்திருப்பது நம் கவனத்துக்குரியது.

சமநிலையின் எல்லை

எனினும் இக்கதைகள் மற்றொன்றையும் உணர்த்துகின்றன. முதல் ஆட்டத்தில் அனைத்தையும் இழந்தபின், தமயந்தியைப் பணயமாக வைக்குமாறு புட்கரன் தூண்டியபோது நளன் அதற்கு இணங்காமல் எழுந்துவிடுகிறான். கலி பற்றிய நிலையிலும் அவனிடம் அவ்வளவு தெளிவு எஞ்சியிருந்தது. தருமனிடம் அது இல்லை. ஆனால் சூதின் நுட்பமறிந்து மீண்டும் ஆட வந்த நளன், வடமொழிப் பாரதத்தின்படி, தமயந்தியையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். உள்ளம் தெளிந்திருந்தது, ஆயினும் வைத்த பணயம் வைக்கத்தக்கதாயிற்றா என்னும் வினா எஞ்சுகிறது. அத்தினாபுரத்து அவையை நோக்கினாலும், அங்குத் தடுமாற்றம் சற்றுமின்றி ஆடியவன் சகுனியே. உளச்சமநிலை ஓர் ஆற்றல் மட்டுமே; அது தானாகவே அறமாகிவிடாது.

போக்கர் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். சூதாட்டக் கூடங்களும் இணையத் தளங்களும் மேசைத் தொகையில் ஒரு பகுதியையோ, அமரும் நேரத்துக்கு ஒரு கட்டணத்தையோ எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆடுவோர் அனைவரையும் ஒருங்கே கணக்கிட்டால், அவர்கள் இழப்பவர்களாகவே இருப்பர். அனைவரும் ஞானியரைப்போல் அமைதி காத்தாலும் இக்கணக்கு மாறாது. சமநிலை, பிறரைவிடக் குறைவாகத் தவறு செய்ய உதவும்; சீட்டை மாற்றாது. 'நான் அமைதியாகத்தான் ஆடுகிறேன்' என்னும் எண்ணமே சிலரை மேசையில் நெடுநேரம் இருத்திவிடுவதும் உண்டு.

தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் நம்ப இயலாது என்பதைச் சட்டங்களும் ஏற்றுள்ளன. மலேசியாவில் 1971ஆம் ஆண்டு முதல் கெந்திங் மலையில் சூதாட்டக் கூடம் இயங்கி வருகிறது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு இரு கூடங்கள் திறக்கப்பட்டன. அங்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு முதலில் 100 வெள்ளி செலுத்த வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் முதல் அது 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒருவர் தம்மை உள்ளே விடவேண்டாம் எனத் தாமே பதிவு செய்துகொள்ளலாம். குடும்பத்தாரும் அத்தகைய தடையைக் கோரலாம். தெளிந்த வேளையில் இட்டுக்கொள்ளும் வேலி என மேலே நாம் கூறியதன் சட்ட வடிவமே இஃது.

முடிவுரை

போக்கர் ஆட்டத்தில் உளச்சமநிலை என்பது இறுகிய முகமோ உணர்ச்சியற்ற உள்ளமோ அன்று. தம் முடிவுக்குத் தாம் பொறுப்பேற்று, விளைவில் தற்செயலுக்குரிய பங்கைத் தற்செயலுக்கே விட்டுவிடும் பழக்கம் அது. இழப்பை ஏற்றுக்கொள்ள இயன்றவரே ஆட்டத்திலிருந்து எழவும் இயன்றவர். ஆதலால் எழுந்து செல்லும் ஆற்றலே இச்சமநிலையின் உறுதியான சான்று என்பது நம் கருத்து.

தமிழாசிரியர்கள் 'சூது' அதிகாரத்தைப் பெரும்பாலும் ஒரு தடையாணையாகவே கற்பித்து வருகின்றனர். சூதாடுதல் தீது என்பதை மாணவர் எளிதில் ஒப்புவிப்பர். ஆயின், கைப்பேசியில் ஒரே தொடுதலில் பணயம் வைக்க இயலும் இக்காலத்தில், தீது என்று அறிந்திருப்பது மட்டும் அவர்களைக் காவாது. இழக்கும்தோறும் ஏன் பற்று மிகுகிறது, அவ்வேளையில் உள்ளத்தில் நிகழ்வது யாது என்னும் வினாக்களோடு இறுதிக் குறளைக் கற்பித்தல் வேண்டும். ஏஸ் இரண்டும் ராஜா இரண்டும் மோதும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். நளன் எழுந்த இடத்தையும் தருமன் எழாத இடத்தையும் ஒப்பிட்டு உரையாடலாம். மாணவர் ஒருவர் பின்னாளில் ஏதேனும் ஒரு மேசையின் முன் அமர நேரின், தம் உள்ளத்தில் நிகழ்வதை அவ்வேளையிலேயே இனங்கண்டு எழுந்துவிட அப்பாடம் அவருக்குத் துணைநிற்கும்.